யோகனின் பெயருக்குப் பின் ஒலித்த இசைத்தட்டு

இதை எழுதாமல் விட்டால் அச்சில் ஏறிய ஒரு பொய் நாளடைவில் வரலாறாகிவிடும். ஆகவே எழுதுகிறேன். சென்ற மாதம் ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்வில்லில் என் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்கள் பழைய தமிழ்ச் சங்கம் வெளியிட்டிருக்கும் சிறப்பு மலரை அவர் என் மடியில் வைத்தார். "உங்களைப் பற்றியும் ஒரு வரி கிடக்கு அத்தான்" என்றார். ஆவலோடு புரட்டினேன், என் வயதில் அச்சில் தன் பெயரைக் காண விரும்பாதவர் யார்? பெயர் இல்லை. வரி மட்டும் இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் எமது வானொலி நிகழ்ச்சியில் தவறுதலாக வேறோர் இசைத்தட்டு ஒலிபரப்பாகியது என்றும், அதற்காக அறிவிப்பாளர் நேயர்களிடம் வருத்தம் தெரிவித்தார் என்றும் அந்த வரி சொன்னது.

அந்த அறிவிப்பாளன் நான். இசைத்தட்டு தவறுதலாக ஒலிக்கவில்லை. நானே தெரிந்து, என் கையால் வைத்தேன். அதற்காக வருத்தமும் தெரிவிக்கவில்லை. இன்றும் தெரிவிக்கப் போவதில்லை.

எந்த அச்சுப் பொருளையும் வாசிக்குமுன் முகர்ந்து பார்ப்பது என் பழைய வழக்கம். அந்த மலரின் புது மை நெடி என்னை நேரே ஒரு நிலவறைக்கு இறக்கிவிட்டது. புது மைக்கும் அந்த நிலவறையில் ஈரம் ஊறிய அட்டைக்கும் நெடியில் ஒற்றுமை ஏதும் இல்லை என்பதை அறிவேன். மூக்கு தருக்கம் படித்ததில்லை, நண்பரே.

மட்டக்களப்பில் தமிழாசிரியனாக இருந்தவன், எண்பத்துநான்கின் கடைசியில் ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். மூன்று வாரம் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவி, கழுவியதைவிட உடைத்தது அதிகம் என்று அனுப்பப்பட்டேன். அதன் பிறகு யங் வீதிக்குக் கிழக்கே ஒரு சந்தில் இருந்த பழைய இசைத்தட்டுக் கடையில் வேலை கிடைத்தது. கடைக்காரர் பெயர் லொயிட். கனடாவின் கிழக்குக் கரையில் ஹலிஃபாக்ஸ் பக்கத்துக் கறுப்பினத்தவர், ஐம்பதைக் கடந்தவர், பேச்சைச் சிக்கனமாகச் செலவிடுபவர். "பொருள்களை ஒழுங்குபடுத்த வருமா?" என்று மட்டும் கேட்டார். பள்ளி நூலகம் ஒன்றைத் தனியாளாக அடுக்கியவன் என்றேன். கதவைத் திறந்து படிக்கட்டைக் காட்டினார்.

கீழே பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகள். ஊரே ஒலிநாடாவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டைக் காலி செய்பவர்கள் அவற்றைத் தளபாடங்களோடு தள்ளிவிட்டார்கள். நான் அகரவரிசைப்படி அடுக்கிக்கொண்டே போனேன். கடைக்கோடியில் ஒரு வரிசைக்கு மட்டும் லொயிட் தம் கையால் ஓர் அட்டை எழுதிச் செருகியிருந்தார்: 'ஒருவரும் கேட்காதவை.' எடுத்துப் பார்த்தால் எல்லாமே அறுபதுகளின் பிற்பகுதியில் வெளிவந்தவை. அறுபத்தேழு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. ஜாஸ் இசைஞர்கள் ஜாஸையே உடைத்துப் பார்த்த ஆண்டுகள். பெரிய நிறுவனங்கள் கதவைச் சாத்தியதும், தாமே பணம் போட்டு, சில நூறு பிரதிகள் அச்சடித்து வெளியிட்டிருந்தார்கள். ஓர் உறையில் வெள்ளைத்தாளும் ஒரு கட்டைவிரல் ரேகையும், வேறொன்றுமில்லை. இன்னொன்று மளிகைக் கடைப் பழுப்புத்தாளை மடித்துக் கம்பி அடித்தது. வேறொன்றின் பின்புறத்தில் வாத்தியங்களின் பட்டியல்: சங்கிலி, போத்தல், சைக்கிள் மணி. பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி.

முதலாவதாக ஒன்றைச் சுழல விட்டு அரை நிமிடம் கேட்டேன். உடனே கழற்றி மேலே கொண்டுபோய், "இது பழுதாகிவிட்டது" என்றேன்.

"எந்த இடத்தில்?" என்றார் லொயிட்.

"எல்லா இடத்திலும்."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க அவருக்கு நேரம் எடுத்தது.

ஆனாலும் ஆசிரியப் புத்தி விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதினேன்: வெளியீட்டு ஆண்டு, வாசித்தோர், கேட்டபோது என்ன நிகழ்ந்தது. தமிழில்தான் எழுதினேன். சக்சபோனுக்கு 'வளைகுழல்' என்று பெயரிட்டேன். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டவர் தொகை இன்றுவரை ஒன்று, அது நான். எழுத எழுதக் கேட்டேன். கேட்கக் கேட்க ஒன்று விளங்கியது. இந்த இசை எனக்கு ஆறுதல் சொல்ல முற்படவில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு ஆறுதல் சொல்ல வந்த எதையும் நான் நம்புவதை விட்டிருந்தேன். இவர்கள் வலித்த இடத்தில் வலித்தது என்று ஊதினார்கள். விருப்பமிருந்தால் கேள், இல்லையேல் போ என்று ஊதினார்கள்.

எங்கள் ஆட்கள் நிறைந்திருந்த சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பில், பதினான்காம் மாடியில் எனக்கு அறைத்தோழன் தேவா. யாழ்ப்பாணத்தான்; வாய்க்குப் பூட்டில்லை. லொயிட் தந்த பழைய சுழல்பெட்டியில் நான் இவற்றைப் போட்டால் அவன் சோற்றுத் தட்டோடு கதவடியில் வந்து நிற்பான்.

"மாஸ்டர், உந்த மனிசனுக்கு ஆராவது ஒரு கிளாஸ் தண்ணி குடுங்கோவன். விக்கிக்கொண்டெல்லே நிக்கிறான்."

"விக்கல் இல்ல தேவா. கற்பனைசுரம்."

"அப்ப தாளம் எங்கை?"

"தாளம் வேணாமெண்டு விட்டுட்டாங்க."

"உப்பிடி விடலாமெண்டா நானும் நாளையிலயிருந்து வேலையை விடுறன்."

அந்த வரிசையின் அடியிலிருந்து ஒருநாள் துணி உறை போட்ட தட்டு ஒன்று வந்தது. உறையைக் கையால் தைத்திருந்தார்கள். பின்புறத்தில் நான்கு பெயர்கள்; கடைசியில் இரட்டைப் பாஸ் என்னும் ஆளுயர வில் வாத்தியம் வாசித்தவராக லொயிட். அறுபத்தொன்பதில் இதே நகரில், ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், ஒரு குளிர்காலப் பிற்பகலில் ஒலிப்பதிவானது. மேலே கொண்டுபோனேன். அவர் தட்டைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்.

"எத்தனை விற்றது?"

"அம்மா இரண்டு எடுத்தாள்."

இரண்டாம் பக்கம் வெறும் மூச்சில் தொடங்கும். குழலுக்குள் ஊதுகிற காற்று மட்டும், சுரம் இல்லை. பிறகு லொயிட்டின் வில் தரையோடு தரையாக இழுபடும். நடுவில் 'தடால்' என்று ஒரு சத்தம். அதைப் பற்றிக் கேட்டேன். மேளகாரரின் நாற்காலி சாய்ந்து விழுந்ததாம். ஏன் மறுபடி பதியவில்லை என்றேன். "விழுந்தது விழுந்ததுதானே" என்றார். அவருடைய ஆங்கிலத்தை என்னால் இயன்ற அளவு தமிழாக்கித் தருகிறேன். எவர் கேட்டு இதைச் செய்தீர்கள் என்றும் வினவினேன். "ஒருவரும் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று காத்திருந்தால் நாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருப்போம்."

நாற்காலி என்றதும் இன்னொரு நாற்காலி நினைவில் கிறீச்சிடுகிறது. பல்கலைக்கழக வானொலி ஒன்றின் கலையகத்தில் இருந்த நாற்காலி அது. ஞாயிறு பிற்பகலில் எங்கள் சங்கத்துக்கு அங்கே அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்குப் பின் போர்த்துக்கேயரின் நிகழ்ச்சி. செய்தி, அறிவித்தல், இரண்டு பாட்டு, மரண அறிவித்தல் என்பது எங்கள் ஒழுங்கு. வாசிப்பவன் நான். வாரம் முழுவதும் நிலவறையில் கிடந்தவனுக்கு அந்த அரைமணியில்தான் ஆசிரியக் குரல் திரும்பி வரும். அதை இழக்க நான் எவ்வளவு அஞ்சினேன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் வீரனாகத் தோன்றக்கூடும், அந்த மயக்கம் வேண்டாம்.

மரண அறிவித்தலுக்குப் பின் வீணை போடுவோம். ஒரே ஓர் ஒலிநாடா. அதில் ஒரே இராகம். அந்த வீணையின் முதல் மீட்டலிலேயே சென் ஜேம்ஸ் ரவுண் முழுவதும் அடுப்பைத் தணித்துவிட்டுச் செவிமடுக்கும். பெயரைத் தவறவிட்டவர்கள், "ஆர் மோசம் போனது?" என்று ஒருவரை ஒருவர் தொலைபேசியில் அழைப்பார்கள். செத்த வீட்டில் உலை ஏறாது என்பதால், மாலைக்குள் அந்த வீட்டு வாசலில் சோறும் பருப்பும் வந்து நிற்கும். கடல் கடந்தும் வழுவாமல் வந்த வழக்கம் அது.

இதில் நான் ஒருமுறை உண்மையாகவே பிழை செய்தேன். ஒரு பெண்பிள்ளையின் நடன அரங்கேற்ற அறிவித்தலை வாசித்தபோது, இரசனை மிகுதியால் பின்னணியில் அந்த வீணையை ஓடவிட்டேன். அன்று மாலை ஆறு வீட்டார் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சோற்றுப் பாத்திரங்களோடு போய்விட்டார்கள். கதவைத் திறந்தது சலங்கை கட்டிய பிள்ளையேதான். ஓர் அன்ரி அவளைக் கண்டதும் கட்டிப்பிடித்து ஒப்பாரியே தொடங்கிவிட்டார். தகப்பன் என்னை அழைத்துப் பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது. அடுத்த ஞாயிறு நான் வானொலியில் மன்னிப்புக் கேட்டேன். மனமார, கைகூப்பாத குறையாக. என் வானொலி வாழ்வில் நான் கேட்ட மன்னிப்பு அது ஒன்றே. மலர் எழுதியவர்கள் அந்த மன்னிப்பை எடுத்து இந்தக் கதையில் ஒட்டியிருக்கிறார்கள்.

இனி, பூரணம் அக்கா. எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தவர். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை. எங்கள் மட்டக்களப்புப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை 'மனே' என்றுதான் அழைப்பார், எங்கள் ஊர்ப் பேச்சில் மகனே. அவருடைய தம்பி யோகன் ஊரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன். எண்பத்தைந்து மழைக்காலத்தில் சீருடைக்காரர் ஜீப்பில் வந்து அவனைக் கடையிலிருந்து ஏற்றிச் சென்றார்கள். அதன் பின் தகவல் இல்லை. பதினொரு மாதம் கழிந்த பின், உடுப்புக் கழுவும் அறையில் அக்கா என்னைப் பிடித்தார்.

"அவன்ட பேர ஒருக்கா ரேடியோவில சொல்லுங்க மனே. புதிசா வந்திரிக்கிற பொடியன்மார் எத்தின பேர். ஆமிக் காம்புக்குள்ள இரிந்துட்டு வந்தவங்களும் இரிக்காங்க. ஆராச்சும் கண்டிரிப்பாங்க."

"சொல்லுறன் அக்கா."

"வீணைய மட்டும் போட்டுடாதீங்க. போட்டீங்களெண்டா எல்லாரும் சோத்தத் தூக்கிட்டு வந்திருவாங்க. அவன் சாகல்ல."

சங்கத் தலைவரிடம் கேட்டேன். கணக்காளர், நல்ல மனிதர், விதிமுறை என்றால் உயிர். "மாஸ்டர், மரண அறிவித்தல் எண்டால் வாசிக்கலாம். பொது அறிவித்தல் எண்டாலும் வாசிக்கலாம். உது ரெண்டிலயும் சேராதே. செத்தது நிச்சயமெண்டு ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லும், இந்த ஞாயிறே வாசிப்பம்."

அந்தத் துண்டை நான் பூரணம் அக்காவிடம் கேட்கவில்லை. கேட்காமலே வாசிப்பதென்று முடிவு செய்தேன். பிறகுதான் இன்னொரு சிக்கல் எழுந்தது. பெயருக்குப் பின் எதைப் போடுவது? அமைதியாக விட முடியாது. கலையகத்தில் வேலை செய்த மாணவன் கையில் அகப்பட்டதைப் போட்டுவிடுவான், கையில் அகப்படுவது வீணை. தேவாரம் போட்டால் அதுவும் சாவுதான். நாதசுரம் கலியாணம். சினிமாப் பாட்டைப் போட எனக்கு நாக்கூசியது. எங்களிடம் இருந்த இசை எல்லாமே ஏதோ ஒரு சடங்குக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. பிறந்தவனுக்கு உண்டு, மணந்தவனுக்கு உண்டு, இறந்தவனுக்கு உண்டு. காணாமற்போனவனுக்கு இல்லை.

சனிக்கிழமை லொயிட்டிடம் அந்தத் துணி உறைத் தட்டைக் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். அவர் தட்டை வெளியே எடுத்து, தம் சட்டைக் கையால் துடைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"இரண்டாம் பக்கம்."

"அதில் நாற்காலி விழும்."

"தெரியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். யோகன், வயது இருபத்துநான்கு, சைக்கிள் திருத்துபவர், இடது புருவத்தில் தழும்பு, இன்ன ஊரில் இன்ன நாளில் கொண்டு செல்லப்பட்டார், கண்டவர்கள் அவருடைய தமக்கைக்கு அறிவிக்கவும். வாசித்துவிட்டு ஊசியை நானே வைத்தேன். மூச்சு தொடங்கியது. நிகழ்ச்சி முடிய இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. அந்த ஒன்பது நிமிடத்தையும் யோகனுக்குக் கொடுத்தேன். புடைவைக் கடை விளம்பரம் ஒன்று வாசிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. மூன்றாவது நிமிடத்தில் தொலைபேசி விளக்கு மின்னியது.

"ஹலோ, உதென்ன கோதாரிச் சத்தம்? ஆட்டைக் கீட்டை அறுக்கிறியளோ?"

"இல்லை ஐயா. இது இசை."

"ஆர் மோசம் போனது?"

"ஒருவரும் மோசம் போகல்ல."

"அப்ப ஏன் உப்பிடி அழுகுது?"

தொலைபேசியை வைத்தேன். விளக்கு அதன் பிறகு அணையவே இல்லை.

புதன்கிழமை மாலை கட்டடத்தின் கூட்ட அறையில் செயற்குழு கூடியது. ஏழு பேர், தேநீர் தந்தார்கள், ஒருவரும் சத்தம் போடவில்லை. தலைவர் தட்டச்சுச் செய்த தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். தவறுதலாக வேறு தட்டு ஒலித்துவிட்டது, வருந்துகிறோம் என்று அதில் இருந்தது.

"நீர் வேணுமெண்டுதான் போட்டனீர் எண்டு எனக்குத் தெரியும். ஆனா தவறுதலா எண்டு சொல்லும். எல்லாருக்கும் மரியாதையா முடிஞ்சிடும். நிகழ்ச்சியும் உம்மட கையிலயே இருக்கும்."

"அப்படிச் சொன்னா யோகன்ட பேரும் தவறுதலா வாசிச்சதாப் போயிருமே அண்ணை."

"பேரைப் பற்றி அதில ஒண்டும் இல்லையே."

"அதுதான் அண்ணை."

தலைவரின் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. ஊரில் அவருக்கும் உறவுகள் இருந்தார்கள், வானொலியில் இத்தகைய பெயர்கள் சொல்லப்பட்டால் ஆபத்து வரக்கூடிய உறவுகள். அன்று அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனாலும் என் முடிவு மாறவில்லை. தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வாசிப்பேன் என்று அவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாள் பையிலேயே கிடந்தது. நான் யோகனின் பெயரை, வயதை, புருவத்தை மறுபடி வாசித்தேன். அதே தட்டின் அதே பக்கத்தை வைத்தேன். ஊசி இரண்டுமுறை வழுக்கியது. அதையும் நேயர்கள் இசையென்றே எண்ணியிருக்கக்கூடும். வெளியே வந்தபோது செயலாளர் நடைகூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கலையகக் கதவுத் திறப்பைக் கேட்டார். கொடுத்தேன். அதன் பிறகு நான் எந்த ஒலிவாங்கியின் முன்னும் அமரவில்லை.

"மாஸ்டர், ஒரு வரி வாசிச்சிருந்தால் முடிஞ்சுது" என்றான் தேவா அன்றைக்கு. ஆனால் என் தட்டில் சோற்றை அவனே போட்டுத் தந்தான். பிறகு, "அந்தத் தண்ணி கேட்டவனை ஒருக்காப் போடுங்கோ, கேப்பம்" என்றான்.

பூரணம் அக்காவை மின்தூக்கியில் கண்டேன். நன்றி எதுவும் சொல்லவில்லை. "ரெண்டு முறையும் அந்தப் பாட்டு முடியல்லயே மனே" என்றார்.

"நேரம் போதல்ல அக்கா. போர்த்துக்கேயர் வந்துட்டாங்க."

"அது நல்லம். முடியாமலே இரிக்கட்டும்." ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. காலை வெளியே வைத்தபின் திரும்பினார். "சோத்தோட ஒருத்தரும் வரல்ல மனே."

ஒருவர் வந்தார், வெறுங்கையோடு வந்தார். நகரின் கிழக்குப் பக்கம் வெக்ஸ்போர்ட்டில் இருந்த இளைஞர், நிகழ்ச்சி கேட்டவர். முகாம் ஒன்றில் புருவத் தழும்புள்ள ஒருவரோடு நான்கு நாள் இருந்ததாகவும், பெயர் தெரியாது என்றும், தழும்பு வலது புருவத்தில் என்றும் சொன்னார். அக்கா தம் முகத்தில் கைவைத்து இடமா வலமா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். "எதிர இரிந்து பாத்தா மாறித்தானே தெரியும்" என்றார். இளைஞர் குனிந்து ஓம் என்றார். அதற்குமேல் ஒரு செய்தியும் வரவில்லை.

லொயிட்டின் கடை இருந்த அந்தச் சந்து இப்போது இல்லை. கண்ணாடிக் கட்டடம் ஒன்று அதை விழுங்கிவிட்டது. லொயிட் எண்பதுகள் முடியுமுன் கடையை மூடிக்கொண்டு ஹலிஃபாக்ஸ் போனார். சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றது. 'ஒருவரும் கேட்காதவை' வரிசையில் தூசி தின்ற தட்டுகளை இன்று கனத்த தட்டாக மறுபதிப்புச் செய்து, கண்ணாடிப் பேழையில் வைத்து விற்கிறார்கள். கூடவே அறிஞர் ஒருவரின் முன்னுரை. வாழ்த்துகிறேன். லொயிட்டின் தட்டை மட்டும் எந்தப் பேழையிலும் நான் காணவில்லை. அரைமணி நேரம் போய் இருபத்துநான்கு மணி நேரத் தமிழ் வானொலிகள் வந்துவிட்டன. மரண அறிவித்தல் கைப்பேசியில் படத்தோடு வருகிறது. வீணை கேட்டு அடுப்பைத் தணிப்பவர் எவரும் இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பூரணம் அக்கா காலமானார். அறிவித்தலை எழுதித் தரும்படி பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். உடன்பிறந்தோர் வரிசைக்கு வந்ததும் மகன் கேட்டான்: "அங்கிள், யோகன் மாமான்ட பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடணும்தானே? இட்ஸ் பீன் ஆல்மோஸ்ட் ஃபோர்ட்டி இயர்ஸ்."

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன். அந்தச் சொல்லைப் போடாமல் யோகன் என்று எழுதினேன். மற்றவர்களின் பெயருக்குப் பின் கனடா, இலண்டன், மட்டக்களப்பு என்று வந்தது. யோகனுக்குப் பின் ஊர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டேன். அச்சுப்பிழை என்று இரண்டு பேர் தொலைபேசியில் சுட்டிக்காட்டினார்கள். பிழையில்லை என்றேன்.

நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். ஆண்டுகள் ஒன்றிரண்டு முன்பின் ஆகியிருக்கலாம். செயற்குழுவில் ஏழு பேரா எட்டுப் பேரா என்பதில் எனக்கே ஐயம் உண்டு. சங்கத்து நண்பர்களில் எஞ்சியிருப்போர் திருத்துங்கள், தலைவணங்கி ஏற்பேன். மலரின் அடுத்த பதிப்பில் 'தவறுதலாக' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். யோகனைப் பற்றி எழுதியதிலும் பிழை இருக்கக்கூடும். தழும்பு எந்தப் புருவத்தில் என்பதை இனி எனக்குச் சொல்ல எவரும் இல்லை. அறுபது வயதைக் கடந்தவர், சைக்கிள் திருத்தத் தெரிந்தவர், அப்படி ஒருவரை எங்கேனும் கண்டவர்கள் இருந்தால், மற்ற எல்லாப் பிழைகளையும் விட்டுவிட்டு அதை முதலில் எழுதி அனுப்புங்கள்.